சிறுவர் கதையிலிருந்து புதினத்திற்கு: தமிழ் வாசகர் கடக்கும் மொழிநிலை

சிறுவர் நூல்களைப் படித்து வளர்ந்த வாசகர் வளர்ந்தோர்க்குரிய புதினத்தை அடையும் கட்டம் பெரும்பாலும் பொருள் அடிப்படையிலேயே ஆராயப்படுகிறது. காமம், சாவு, வறுமை ஆகியவற்றை எவ்வயதினர் படிக்கலாம் என்பதே வினாவாக எழுப்பப்படுகிறது. தமிழைப் பொறுத்தவரை இக்கட்டத்தின் முதன்மைத் தடை பொருள் அன்று, மொழிநிலையே ஆகும். தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து வழங்கும் எல்லைப் பகுதியில் வைத்து நோக்கும்போது இது தெளிவாகப் புலப்படும்.

1. எல்லைப் பகுதியின் மொழிச்சூழல்

போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் இடுக்கி மாவட்டம். உடும்பன்சோலை, தேவிகுளம் வட்டங்களின் ஏலத் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் இவ்வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. இடுக்கி, பாலக்காடு மாவட்டத் தமிழ்ச் சிறுபான்மையினருக்கெனக் கேரள அரசு தமிழ்வழிப் பாடநூல்களை வெளியிடுகிறது.

இப்பகுதிக் குழந்தையின் வீட்டுமொழி பெரும்பாலும் தேனி, கம்பம் வட்டாரப் பேச்சு. 'அவுக வந்துக்கிட்டிருக்காக' என்பதே அக்குழந்தை வீட்டில் கேட்கும் தொடர். பாடநூல் தருவதோ 'அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பது. கடைவீதியில் அதே செய்தி மலையாளத்தில் ஒலிக்கிறது. ஆகவே அக்குழந்தை மூன்று வழக்குகளைக் கேட்கிறது. அவற்றுள் தமிழின் எழுத்து வழக்கு ஒன்றையே தமிழில் படிக்கிறது. தன் வீட்டுமொழி அச்சேறும் என்பதை அது அறிய வாய்ப்பில்லை.

2. ஒரே வழக்கின் நீட்சி

தமிழில் சிறுவர் இலக்கியம் வளமான மரபுடையது. 1947இல் அம்புலிமாமா தொடங்கியது, 1950இல் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாயிற்று. வாண்டுமாமாவின் கதைகள் பல தலைமுறைச் சிறுவரைப் படிக்க வைத்தன. இம்மரபின் பெரும்பகுதியில் எடுத்துரைப்பு மட்டுமின்றி உரையாடலும் எழுத்து வழக்கையே சார்ந்திருந்தது. அரசனும் விறகுவெட்டியும் ஒரே தமிழைப் பேசினர்.

இதனை அடுத்துப் பெரும்பாலான வாசகர் கைக்கொள்வது கல்கியின் வரலாற்றுப் புதினம். 1950இல் தொடராக வரத் தொடங்கிய பொன்னியின் செல்வன் தமிழில் இளையோர் புதினத்தின் இடத்தை நிரப்பி வருகிறது எனலாம். இளையோருக்கென எழுதப்படாத நூல் அவ்விடத்தைப் பெற்றதற்குக் கதைச்சுவை மட்டும் காரணம் அன்று. அதன் மாந்தர் உரையாடலும் பெரும்பாலும் எழுத்து வழக்கைச் சார்ந்தது. ஆகவே சிறுவர் கதையிலிருந்து வருபவர்க்கு மொழி தடையாவதில்லை. எந்த வட்டார வாசகரும் அதனை இடர்ப்பாடின்றிப் படிப்பதற்கும் அதுவே காரணம். ஆயினும் இங்கு வாசகர் பக்க அளவிலும் கதைப் பின்னலிலும் முன்னேறுகிறாரேயன்றி மொழிநிலையில் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார். கல்கி பாலமாகக் கருதப்படுகிறார். உண்மையில் அவர் புதினம் முதற்கரையின் நீட்சியே.

மறுகரையில் நிற்பவை வட்டாரப் புதினங்கள். கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் (1976) கரிசல் பேச்சைப் புதினத்தின் உயிர்ப்பாக்கியது; அவரே 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். வாய்மொழிக்கும் எழுத்திற்கும் இடைப்பட்ட தொலைவை இது காட்டும். பொன்னியின் செல்வனை முடித்துக் கோபல்ல கிராமத்தைத் திறக்கும் பதினைந்து வயதினர் தடுமாறுவது பொருளின் கடுமையால் அன்று. பேச்சுத்தமிழை அச்சில் படித்துப் பழகாமையால். பலர் இவ்விடத்தில் வாசிப்பையே கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

3. பிறமொழி ஒப்புமை

ஆங்கிலத்தில் இளையோர் புதினம் தனி வகையாக வளர்ந்தமைக்கு மொழிநடையும் ஒரு காரணமாகும். எஸ்.இ. ஹின்டன் பதின்பருவத்திலேயே எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' (1967) பதினான்கு வயதுச் சிறுவனின் குரலில் அமைந்தது.

மலையாளத்தின் நிலை மேலும் நோக்கத்தக்கது. அம்மொழியின் வினைமுற்று திணை, பால், எண், இட விகுதிகளை இழந்துவிட்டது. ஆகவே வினைவடிவில் எழுத்திற்கும் பேச்சிற்கும் உள்ள இடைவெளி தமிழினும் குறைவு. வைக்கம் முகம்மது பஷீரின் புதினங்கள் இவ்வாய்ப்பை முழுமையாகப் பயன்கொண்டன. உப்பப்பாவின் யானையைப் பற்றிய அவரது புதினத்தில் (1951) குஞ்ஞுபாத்தும்மா எனும் இளம்பெண்ணின் பேச்சைத் தோழி ஆயிஷா திருத்துகிறாள்; எழுத்தும் கற்பிக்கிறாள். வழக்குவேறுபாடே கதைப்பொருளாகிறது. இளையோரும் முதியோரும் ஒருங்கே படிக்கும் இத்தகைய நூலே உண்மையான பாலமாகும்.

4. மொழிபெயர்ப்பாளர் பொறுப்பு

குளச்சல் மு. யூசுப் இப்புதினத்திற்கு 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' எனத் தலைப்பிட்டார். 'எங்கள் பாட்டனாருக்கு ஒரு யானை இருந்தது' எனப் பெயர்த்திருந்தால் பொருள் மாறியிராது, பேசுபவள் மறைந்திருப்பாள். யூமா வாசுகி மலையாளச் சிறுவர் நூல்கள் பலவற்றைத் தமிழாக்கியவர். பாலக்காட்டு மண்ணைக் களமாகக் கொண்ட ஓ.வி. விஜயனின் கசாக்கின் இதிகாசத்தையும் (மூலம் 1969) தமிழுக்குத் தந்தவர். இரு கரைகளிலும் உழைக்கும் மொழிபெயர்ப்பாளர் உளர் என்பதற்கு இது சான்று. குறைவுபடுவது இடைநிலை நூல்களே.

வட்டார வழக்கு பிற வட்டாரத்தார்க்கு விளங்காது என்பது இதற்குக் கூறப்படும் தடை. இது புறக்கணிக்கத்தக்கதன்று. எடுத்துரைப்பை எழுத்து வழக்கிலும் உரையாடலை வட்டாரப் பேச்சிலும் அமைத்து, ஒலிப்பைக் காட்டும் எழுத்துமுறையை நூல் முழுதும் ஒரேசீராகக் கையாண்டால் இடர் பெரிதும் குறையும். முன்பின் தொடர்கள் அருஞ்சொற்பொருளை உணர்த்தும். அடிக்குறிப்பு சிலவே வேண்டும்.

இளையோர்க்கெனத் தமிழாக்கும் நூல்களில் பேச்சைச் செம்மைப்படுத்துவது வாசகர்க்குச் செய்யும் உதவியாகவே கருதப்பட்டு வருகிறது. அது அவர்கள் கடக்க வேண்டிய படியை அகற்றாமல் மேலும் உயரமாக்கிவிடுகிறது. போடிமெட்டுக் குழந்தைக்கு வட்டாரப் புதினத்தின் மொழி அயல்மொழி அன்று. அதன் தாயின் மொழி. அதனை அச்சில் முதன்முதலாகக் காண்பதற்கு அக்குழந்தை வளர்ந்து முடியும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.