திடல் இழந்த கலை

கலையைப் போற்றுவது வேறு. கலைக்கு நிற்க இடம் கொடுப்பது வேறு. நம் கலை இலக்கியச் சங்கங்கள் முன்னதையே தம் முழுக் கடமையாகக் கொண்டுவிட்டன.

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் நாடகமும் கூத்தும் வாழ்ந்த வகையை எண்ணிப் பார்ப்போம். அவற்றைத் தாங்கியவை கோயில் குழுக்களும் இளைஞர் மன்றங்களுமே. 1952-ஆம் ஆண்டில் கோ. சாரங்கபாணியின் முயற்சியால் தொடங்கிய தமிழர் திருநாள், சிங்கப்பூர், மலாயாத் தமிழர்க்குச் சமயச் சார்பற்ற மேடையொன்றை அளித்தது. மணிமன்றங்கள் இளைஞரைப் பேச்சிலும் நாடகத்திலும் பழக்கின. இவை செல்வர் நிறுவிய அறக்கட்டளைகள் அல்ல. பால்மரம் வெட்டியோரின் சந்தாவில் நின்றவை. காலையில் பால்வாளி சுமந்தவரே இரவில் அரசராக மேடையேறினார். கலைஞருக்கும் காண்போருக்கும் இடையே இருந்த தொலைவு லயத்து வாசலளவே.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. மக்கள் நகரம் பெயர்ந்தனர். திடல் உடன் வரவில்லை. நகரத்துச் சங்கங்கள் விழாவுக்கு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தன, பொன்னாடை போர்த்தின, மலர் வெளியிட்டன. ஒத்திகைக்கு ஓர் அறை வேண்டுமென நினைத்தவை மிகச் சிலவே.

இதற்கு மாறாக மாசிமகத்தை நோக்குக. 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து செங் சன்னாசிமலைக்கு முருகனின் தேர் செல்லுங்கால், மலாக்காச் சாலையே கலையரங்கமாகிறது. நம் நாட்டுத் திருவிழாக்களில் உறுமிமேளம் இளைஞர் கையில் உயிரோடிருப்பதற்குக் காரணமும் இதுவே: அதற்கு நாள் உண்டு, தெரு உண்டு, ஊதியமும் உண்டு. அதனை இரைச்சலென இகழ்வோர், எவர் விருதையும் எதிர்பாராமல் அது வாழ்வதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆயினும் கோயிலின் ஆதரவுக்கு எல்லை உண்டு. சமூகத்தைக் கேள்வி கேட்கும் நாடகத்திற்குத் தேர்வீதியில் இடமிராது. அவ்விடத்தை அளிப்பதே பொதுச் சங்கத்தின் பணி. இலாப நோக்கற்ற அமைப்பால் இது இயலாது என்பதற்கில்லை. 1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி கோலாலம்பூரில் நிறுவிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், ஆண்டுக்கொரு விழாவால் அன்று, இடைவிடாப் பயிற்சியால் வளர்ந்தது. அங்கே ஆடலும் இசையும் பெற்ற வாய்ப்பைத் தோட்டத்து நாடகம் பெறவில்லை.

விருதுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பாதியை ஒத்திகைக் கூடத்திற்கும், வாத்தியக்காரரின் ஊதியத்திற்கும், அடுக்குமாடி வீடுகளின் நடுவே போடும் ஒரு மேடைக்கும் செலவிடட்டும். பொன்னாடை கலைஞரின் தோளை மூடும். அவர் காலூன்றத் தரை வேண்டும்.