எண் மாறினால் விடையும் மாற வேண்டும்: எக்ஸெலின் புதிய புள்ளியியல் வசதிகள்

எக்ஸெலில் புள்ளியியல் கணக்குப் போடும் பலர் இன்னமும் அனாலிசிஸ் டூல்பேக்கைத்தான் நம்பியிருக்கிறார்கள். டேட்டா மெனுவின் ஓரத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தி ரிக்ரஷனையோ டி டெஸ்ட்டையோ தேர்ந்தெடுத்தால், நொடியில் அட்டவணை வந்து விழும். விழுந்த கணமே அதற்கும் நம் தரவுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். மூல எண்களில் ஒன்றைத் திருத்தினாலும் அட்டவணை பழைய விடையையே காட்டிக்கொண்டிருக்கும். ஓர் எச்சரிக்கைகூட வராது. ஆய்வேட்டில் தரவு ஒன்றும் விடை வேறொன்றுமாக நிற்பதற்கு இது போதும். ஆகவே கடந்த சில ஆண்டுகளில் எக்ஸெலுக்கு வந்த வசதிகளை ஒரே கேள்வியோடு சோதித்தேன்: எண் மாறினால் விடை மாறுகிறதா?

சோதனைக்கு எடுத்துக்கொண்டவை, ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுதிகள். ஒவ்வொன்றிலும் 11 இணை எண்கள். நான்கிலுமே எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.50, ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.82, பொருத்தப்படும் கோட்டின் சாய்வு 0.5. வரைபடமாகப் போட்டால்தான் குட்டு வெளிப்படும். முதலாவது இயல்பான சிதறல், இரண்டாவது வளைகோடு. மூன்றாவதில் ஒரே ஒரு புள்ளி மட்டும் வரிசையை விட்டு எகிறி நிற்கும். நான்காவதில் ஒன்றைத் தவிர எல்லா எக்ஸும் 8.

நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக 44 வரிசைகளில் அடுக்கி, குரூப்பை என்ற புதிய சார்பைக் கொடுத்தேன். தொகுதியின் பெயர் உள்ள நெடுவரிசை, ஒய் நெடுவரிசை, அவற்றோடு சராசரியையும் திட்ட விலக்கத்தையும் ஹெச்ஸ்டாக் சார்பால் சேர்த்துவிட்டால், ஒற்றைச் சூத்திரத்தில் முழு அட்டவணை விரிகிறது. நான்கு வரிகளிலும் 7.50, 2.03. பிவட் டேபிளில் ஒவ்வொரு முறையும் ரிஃப்ரெஷ் அழுத்த வேண்டியிருந்த தொல்லை இங்கே இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நாம் கேட்காமலே அடியில் மொத்த வரி ஒன்று சேர்கிறது. அதில் திட்ட விலக்கம் 1.96 என்று வரும். அது 44 எண்களையும் ஒரே கூட்டமாகக் கொண்டு போட்ட கணக்கு. மேலே உள்ள நான்கின் சராசரி அல்ல. அவசரத்தில் அதை எடுத்து அறிக்கையில் ஒட்டிவிடுபவர்கள் இருப்பார்கள். சூத்திரத்திலேயே அந்த வரியை நிறுத்திவிடலாம், நிறுத்திவிடுவதே நல்லது.

அடுத்து, மூன்றாம் தொகுதியில் எகிறி நிற்கும் 12.74ஐ 8.49 என்று மாற்றினேன். குரூப்பை காட்டிய சராசரி உடனே 7.11க்கு இறங்கியது. லைனெஸ்ட் சார்பு தந்த சாய்வு 0.5இலிருந்து 0.35க்கு வந்தது, ஒட்டுறவுக் கெழு கிட்டத்தட்ட 1ஐத் தொட்டது. பக்கத்திலேயே டூல்பேக் எழுதி வைத்திருந்த ரிக்ரஷன் அட்டவணையில் சாய்வு இன்னும் 0.5. ஒரே ஷீட்டில் ஒரே தரவுக்கு இரண்டு விடைகள்! டூல்பேக்கை அறவே விட்டுவிடச் சொல்ல எனக்கு இந்தக் காட்சியே போதும். ஒரு குறை உண்டு. குரூப்பை மைக்ரோசாஃப்ட் 365 சந்தா உள்ளவர்களுக்குக் கிடைக்கிறது. எக்ஸெல் 2021 வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. அவர்கள் யுனீக், ஃபில்டர் சார்புகளைக் கொண்டு சற்றுச் சுற்றிப்போய் இதே வேலையைச் செய்யலாம்.

புதிய வசதிகளில் அதிகம் பேசப்படுவது பைத்தான்தான். 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு, விண்டோஸில் வணிக, நிறுவனச் சந்தாதாரர்களுக்கு 2024 செப்டம்பரில் முறையாக வந்தது. செல்லுக்குள் பைத்தான் நிரலையே எழுதலாம். பாண்டாஸ், ஸ்டாட்ஸ்மாடல்ஸ், சீபார்ன் போன்ற நிரல் நூலகங்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன. எதையும் நிறுவ வேண்டியதில்லை. எக்ஸெலில் இதுவரை இல்லாத ஷபிரோ-வில்க் சோதனையை இரண்டு வரியில் முடிக்க முடிந்தது. தரவு மாறினால் விடையும் மாறுகிறது.

பழகிக்கொள்ள வேண்டியவையும் உண்டு. என்டர் தட்டினால் அடுத்த வரிக்குத்தான் போகும். நிரல் ஓட கன்ட்ரோல் என்டர் தட்ட வேண்டும். கணக்கு வரிசை வரிசையாக, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக நடக்கிறது. கீழே உள்ள செல்லில் பெயரிட்ட ஒன்றை மேலே உள்ள செல்லில் எடுத்தாள முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், நிரல் ஓடுவது நம் கணினியில் அல்ல, மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடில். இணையம் இல்லையென்றால் கணக்கு நடக்காது. நோயாளிகளின் விவரமோ மாணவர்களின் மதிப்பெண்ணோ கையில் வைத்திருப்பவர்கள், தரவு வெளியே போக அனுமதி உண்டா என்று தங்கள் நிறுவனத்தில் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

எக்ஸெலின் கணக்கையே நம்பலாமா என்ற பழைய சந்தேகத்தையும் தொட்டுப் பார்த்தேன். 10000000.1, 10000000.2, 10000000.3 என்ற மூன்று எண்களின் திட்ட விலக்கம் 0.1. எக்ஸெல் 2003க்கு முந்தைய பதிப்புகள் வர்க்கங்களைக் கூட்டிக் கழிக்கும் முறையைப் பின்பற்றியதால், இப்படிப்பட்ட எண்களில் விடை சிதைந்துபோகும். புள்ளியியலாளர் மெக்கல்லோ போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் கட்டுரை எழுதிக் கண்டித்த குறைகளில் இது ஒன்று. இன்றைய எக்ஸெல் சரியாக 0.1 தருகிறது. அந்த விமர்சகர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம், சூத்திரமே அல்லாத ஒன்று. எழுதியதைக் கேட்காமலே தேதியாக மாற்றும் பழக்கம் எக்ஸெலுக்கு உண்டு. மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்கள் இப்படித் தேதிகளாயின. எக்ஸெலில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஜீனோம் பயாலஜி இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்ற நேர்ந்தது. 2023 அக்டோபரில்தான் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி வந்தது. ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போய் ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வர்ஷன் பகுதியில் டிக்குகளை நாமே எடுக்க வேண்டும். பதிவெண்களின் முன்னால் உள்ள சுழியங்கள் காணாமல் போவதும் இதோடு நிற்கும். புதுக் கணினியில் எக்ஸெலைத் திறந்ததும் நான் முதலில் செய்வது இதுதான்.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெஆபிஸ் கால்க்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டேட்டா மெனுவில் உள்ள ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதி, டூல்பேக் செய்யும் வேலைகளையே செய்கிறது. ஆனால் விடைகளை வெறும் எண்களாக எழுதாமல் சூத்திரங்களாக எழுதுகிறது. ஒவ்வொரு செல்லையும் தொட்டு, எந்த வரம்பிலிருந்து வந்தது என்று பார்க்கலாம். இத்தனை ஆண்டுகளாக டூல்பேக்கில் இதை மைக்ரோசாஃப்ட் செய்யாதது எனக்குப் புரியவில்லை.

டூல்பேக்கின் இருவழி அனோவா இன்னும் எல்லாக் குழுவிலும் சம எண்ணிக்கையைக் கேட்கிறது. டியூக்கி ஒப்பீடு அதில் இல்லவே இல்லை. குழுக்கள் சமமாக இல்லாத கள ஆய்வுத் தரவு என்றால் நான் ஜமோவிக்குப் போய்விடுகிறேன். ஆர் மொழியின் மேல் கட்டப்பட்ட இலவச மென்பொருள் அது. இடப்பக்கம் ஷீட், வலப்பக்கம் விடை. லெவீன் சோதனை வேண்டுமா, டியூக்கி வேண்டுமா, டிக் போட்டால் போதும். சேமிக்கும் கோப்பில் தரவும் விடையும் போட்ட டிக்குகளும் சேர்ந்தே இருப்பதால், ஆய்வு வழிகாட்டிக்கு அனுப்பினால் எந்தச் சோதனையை எப்படிச் செய்தோம் என்பதை அவரே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.