முற்றத்திற்குத் திரும்பிய நவீனம்

நவீனத்துவம் என்றதும் கண்ணாடிப் பெட்டி மாதிரி கட்டடம்தான் நம் நினைவுக்கு வரும். கொழும்பில் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் பாத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டைப் பாருங்க. லண்டனில் கட்டடக்கலை பயின்றவர் பாவா. தடுப்புச்சுவர் குறையட்டும், உள்ளும் வெளியும் கலக்கட்டும் என்பது நவீனத்துவப் பாடம். அதைப் பாவா முற்றத்தைக் கொண்டு நிறைவேற்றினார். நடுவில் பெரிய முற்றம், சுற்றிச் சிறு முற்றங்கள், மேலே ஓட்டுக்கூரை. தெருப்பக்கம் மதில், காற்றும் வெளிச்சமும் முற்றத்து வழியாகவே வரும். நகர மனைக்கு ஏற்ற தீர்வு.

ஒரு குறையும் உண்டு. அந்த வீடு பின்னாளில் கழற்றப்பட்டு, பெந்தோட்டை அருகே பாவாவின் லுனுகங்கா தோட்டத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. வீடு தப்பியது, நல்லதுதான். ஆனால், நகர நெரிசலுக்கு முதுகு காட்டிய வீடு இப்போது தோட்டத்தில் நிற்கிறது. விடை இருக்கு, கேள்வி போய்விட்டது.

மாணவர்களே, திறனாய்வில் ‘பழமையும் புதுமையும் கலந்தது’ என்று எழுதினால் மட்டும் போதாது. எந்தக் கருத்து எந்தச் சிக்கலைத் தீர்த்தது என்று காட்டுங்கள். ஜொகூரில் நம்ம தாமான் வீட்டின் பின்பக்கத்தைக் கூரை போட்டு மூடிவிட்டு ஏர்கான் மாட்டுகிறோமே, அதையும் இதே கேள்வியால் சோதித்துப் பாருங்கள்.