பரஞ்சோதியும் விக்கிரமனும்: கல்கியின் நெடுங்கதைகளில் ஆளாகும் இளைஞர்

சிறுவன் ஆளாகும் பருவத்தைச் சிறுகதை பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சியில் வைத்துக் காட்டும். சுந்தர ராமசாமியின் 'ஸ்டாம்பு ஆல்பம்' என்னும் கதையில், தோழனின் ஆல்பத்தைத் திருடி எரித்த ராஜப்பா தன் ஆல்பத்தை அவனுக்கே கொடுக்கும்போது அம்மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. நெடுங்கதை இதனைப் பல்லாண்டுகளின் வளர்ச்சியாக விரித்துக் காட்ட வல்லது. கல்கியின் 'பார்த்திபன் கனவு' (1941-43), 'சிவகாமியின் சபதம்' (1944-46) ஆகிய இரண்டும் அத்தகையன. இன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கும் மாமல்லபுரம் இரண்டிற்கும் முதன்மையான களங்களுள் ஒன்று. வரலாற்றுப் புதினங்களாகவே பெரிதும் பேசப்பெறும் இவற்றை இளைஞர் ஆளாகும் கதைகளாக ஈண்டு ஒப்பிட்டு நோக்குவோம்.

இவ்வாய்வுக்கு அளவுகோலாகத் தக்கது பொன்முடியாரின் புறப்பாட்டு (312). தாய் முதலாகக் காளை ஈறாக ஐவர்க்கும் கடன் வகுக்கும் அப்பாட்டு, மகனைச் சான்றோனாக்குதலைத் தந்தைக்கும், போரில் யானையை எறிந்து மீளுதலைக் காளைக்கும் உரியதாக்குகிறது. வேந்தன் நல்குவது நல்லொழுக்கம் என்றும், மருதநிலத்து ஊர் என்றும் பாடவேறுபாட்டால் இருவகையாகப் பொருள்கொள்வர். கல்கியின் நூல்களிலோ தந்தையின் கடனையும் வேந்தனே மேற்கொள்கிறான். அதுவும் மாறுவேடத்தில் மேற்கொள்கிறான். பரஞ்சோதிக்கு வழிகாட்டும் வச்சிரபாகு மகேந்திரவர்மனே. விக்கிரமனைக் காக்கும் சிவனடியார் நரசிம்மவர்மனே. ஆகவே, தம்மை ஆளாக்குபவர் யாவர் என அறிதலும் இவ்விளைஞர்தம் வளர்ச்சியின் ஒரு கூறாகிறது.

முன்னாள் செங்கற்பட்டு மாவட்டத்துக் குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார், பரஞ்சோதியாரை மருத்துவ நூலும் வடநூற்கலையும் படைத்தொழிலும் கற்றுத் தேர்ந்தவராகவே அறிமுகம் செய்கிறார். கல்கி அவரைக் கல்வி ஏறாத பதினெட்டு வயதுச் சிற்றூர் இளைஞனாக்கிக் காஞ்சிக்குக் கற்க அனுப்புகிறார். இது சிறு மாற்றமன்று. தேர்ந்தவர்க்கு வளர்ச்சி இல்லை. தேராதவனுக்கே கதை உண்டு. காஞ்சிக்கு வந்த அன்றே, ஆயனரும் சிவகாமியும் அமர்ந்த சிவிகையை நோக்கிப் பாய்ந்த மதயானைமீது அவன் வேலெறிகிறான். பொன்முடியார் காளைக்கு வகுத்த கடனைப் போர்க்களம் காணுமுன்பே, ஒரு தந்தையையும் மகளையும் காக்கும்பொருட்டு ஒருவாறு ஆற்றிவிடுகிறான். அந்தக் கையின் ஆற்றலை அறிந்த மன்னன் அதனைப் போருக்குப் பயன்கொள்கிறான். கி.பி. 642-இல் வாதாபி எரிகிறது. அவ்வெற்றியின் கொடுமையைக் கண்ணாரக் கண்டபின் பரஞ்சோதி படைத்தொழிலைத் துறந்து சிறுத்தொண்டராகிறார். ஏடு கற்க வந்தவன் வாள் கற்றான். வாளை வைத்த பின்னரே, தான் தேடிவந்த நாவுக்கரசரின் நெறியை எய்தினான்.

விக்கிரமன் வளர்ந்த முறை வேறு. தந்தையின் கனவு ஓவியங்களாக அவன் கண்முன் வைக்கப்படுகிறது. பார்த்திபன் போர்க்களத்தில் வீழ்கிறான். மகனை வீரனாக வளர்ப்பதாக அவனுக்கு வாக்களித்த சிவனடியார், அவனை வென்ற பேரரசனே. பின்னர்ப் புலிக்கொடி உயர்த்த முயன்று சிறைப்பட்ட விக்கிரமன், கப்பம் கட்ட இசைந்தால் நாடு மீளும் என்ற நிலையிலும் மறுக்கிறான். மாமல்லபுரத் துறைமுகத்தினின்று நாடு கடத்தப்படுகிறான். வளர்த்தவனும் ஒறுத்தவனும் ஒருவனே என்னும் இம்முரண் கல்கியின் கற்பனையுள் மிக நுட்பமானது.

ஆயினும் அம்முரணை நூல் இறுதிவரை காக்கவில்லை என்பதே எம் குறை. பரஞ்சோதி வச்சிரபாகுவை விரைவிலேயே அறிந்துகொள்கிறான். அறிந்து பணிபுரிந்து, பின்னர் அரச வாழ்வையே கடந்து செல்கிறான். விக்கிரமனோ சிவனடியாரை இறுதியிலேயே அறிகிறான். அப்போது நாட்டையும் குந்தவியையும் அப்பேரரசன் கையினின்றே பெறுகிறான். துறைமுகத்தில் மறுத்தவன் அவையில் ஏற்கிறான். விடுதலை வேட்கை மிக்க 1941-43 ஆம் ஆண்டுகளில், விடுதலைப் போரில் சிறைசென்று மீண்ட ஆசிரியர் எழுதிய தொடரில் விடுதலை கொடையாக வந்து முடிவது எண்ணத்தக்கது.

விக்கிரமன் மறுத்த ஆண்மையை மதித்தே அரசன் நாட்டை அளித்தான் எனின், அவ்விடை தள்ளத்தக்கதன்று. எனினும், பார்த்திபன் கனவு விக்கிரமன் காலத்தில் நிறைவுறாது, இராசராசன் காலத்திலேயே நிறைவுற்றதென நூலே கூறி முடிதலின், ஆசிரியரும் இக்குறையை உணர்ந்தார் எனக் கொள்ளலாம்.

முன்னதில் வேந்தன் தந்த எல்லைக்குள் நின்ற இளைஞன், பின்னதில் அவ்வெல்லையைக் கடக்கிறான். தன்னை ஆளாக்கியவனையும் கடந்து நிற்றலே ஆளாதல் எனின், 'சிவகாமியின் சபத'த்துப் பரஞ்சோதியே முழுமையுற்ற இளைஞன் என்பது எம் துணிபு.