நூற்றைம்பது கெஜம்

இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் நடுவே 4,096 கிலோமீட்டர் எல்லை. அதில் சுமார் 3,200 கிலோமீட்டருக்கு இந்தியா முள்வேலி போட்டுவிட்டது. ஆனால் வேலி எல்லைக்கோட்டின் மேல் நிற்கவில்லை. கோட்டிலிருந்து 150 கெஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் எதையும் எழுப்பக் கூடாதென்று 1975இல் இரு நாடுகளும் ஒத்துக்கொண்டிருந்தன. அதனால் வேலி உள்ளே தள்ளி வந்தது. தள்ளி வந்ததில் வயலும் குளமும், சில ஊர்களில் வீடுகளுமே அந்தப் பக்கம் போய்விட்டன.

மேற்கு வங்கத்தின் நதியாவிலும் கூச் பிஹாரிலும் வேலிக்கு அப்பால் நிலம் உள்ள உழவர்கள் காலையில் கேட் திறக்கும்வரை காத்து நிற்க வேண்டும். எல்லைப் பாதுகாப்புப் படை வீரரிடம் அடையாள அட்டையைக் கொடுத்து, பதிவேட்டில் பெயர் ஏற்றிவிட்டுத்தான் மண்வெட்டியும் சோற்றுத் தூக்குமாகக் கடக்க முடியும். சாயங்காலம் கேட் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அறுத்த நெல் மழையில் நனைந்தாலும் கேட்டின் நேரம்தான் நேரம். சணல் போட்டால், ஆள் உயரம் வளர்ந்து பார்வையை மறைக்கிறது என்று ஆட்சேபம் வரும். வீடே அந்தப் பக்கம் இருந்துவிட்டால் இன்னும் கொடுமை. நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால் முதலில் தேட வேண்டியது வண்டியை அல்ல, கேட்டின் சாவியை.

இதற்காக வேலியே வீண் என்று நான் சொல்லமாட்டேன். பஞ்சாபில் தீவிரவாதம் உச்சத்தில் இருந்த 1980களின் கடைசியில் பாகிஸ்தான் எல்லையில் வேலியும் விளக்குகளும் வந்தன. ஆயுதத்தோடு ஆட்கள் நடந்தே கடந்துவருவது குறைந்தது. வேலி செய்வதெல்லாம் கடப்பவரைச் சற்றுத் தாமதப்படுத்துவதுதான். அதற்குள் ரோந்துப்படை வந்து சேர்ந்தால் பலன் உண்டு, அந்தச் சமவெளியில் வந்து சேர முடிந்தது. இன்று அங்கேயே டிரோன்கள் வேலிக்கு மேலாகப் பறந்து ஹெராயின் பொட்டலங்களைப் போட்டுவிட்டுப் போகின்றன என்பது வேறு சங்கதி.

வங்க எல்லை அப்படிப்பட்ட மண் அல்ல. அசாமின் துப்ரியில் பிரம்மபுத்திராவின் நடுவே கம்பம் ஊன்ற முடியாமல், 2019இல் கேமராவும் சென்சாரும் வைத்தார்கள். நிலத்திலோ, 1947 பிரிவினையின்போது பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் இழுத்த கோடு ஊரையும் உறவையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. மாடு கடத்துகிறவர்கள் ஏற்றம்போல் மூங்கில் கட்டி, மாட்டைக் கயிற்றில் தூக்கி அப்புறம் இறக்கியிருக்கிறார்கள். ஆள்பலமும் பணமும் உள்ளவனுக்கு வேலி ஒரு செலவுக் கணக்கு. 2011 ஜனவரியில், கல்யாணத்துக்காகத் தந்தையோடு வங்கதேசம் திரும்பிக்கொண்டிருந்த 15 வயதுப் பெண்ணுக்கு அது அப்படி இருக்கவில்லை. ஏணியில் ஏறும்போது துணி முள்ளில் சிக்கியது. அலறினாள். சுட்டார்கள். மணிக்கணக்கில் அந்த உடல் வேலியிலேயே தொங்கியது. சுட்டதாகக் குற்றம்சாட்டப்பட்ட வீரரை எல்லைப் பாதுகாப்புப் படையின் சொந்த நீதிமன்றம் விடுவித்தது. பாதுகாப்பு என்ற பேரில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் மேகாலயாவின் காலாய்சரில் எல்லைச் சந்தை திறந்தார்கள். சுற்றுவட்டார மக்கள் இருபுறமிருந்தும் வந்து காய்கறியும் துணியும் வாங்கி விற்க அது வழிசெய்தது. கள்ளத்தனமாகக் கைமாறும் பண்டத்துக்கு நேர்வழி திறப்பதும் பாதுகாப்பு ஏற்பாடுதான்.

குடியிருப்புகள் மாட்டிக்கொண்ட இடங்களில் வேலியைக் கோட்டுக்கு அருகே நகர்த்தலாம். அதற்கு இரு அரசும் இசைய வேண்டும். 2025 ஜனவரியில் மால்டா பக்கம் வேலி வேலை தொடங்கியபோது வங்கதேச எல்லைப் படை ஆட்சேபித்தது. டாக்கா இந்தியத் தூதரை அழைத்தது, மறுநாள் தில்லி வங்கதேசத் துணைத் தூதரை அழைத்தது. அந்தப் பேச்சு எப்போது முடியுமோ முடியட்டும். கேட்டை இரவிலும் திறக்க ஓர் ஆளை உட்கார வைப்பதற்கு டாக்காவின் சம்மதம் தேவையில்லை.