கீழாநெல்லிச் சோதனையும் பூஜ்யப் பிழையும்

மரக்காணம் உப்பளங்களில் பாத்தி நீர் ஏறத்தாழ 25 டிகிரி போமே அடர்த்தியை எட்டினால் உப்புப் படியத் தொடங்கும். இதை அளக்கும் ஹைட்ரோமீட்டர் நல்ல நீரில் 0 காட்ட வேண்டும். 3 காட்டினால்? பாத்தியில் கண்ட அளவிலிருந்து 3-ஐக் கழிக்க வேண்டும். மாணவர்கள் இதைப் பூஜ்யப் பிழை என்று அறிவர். மருந்துச் சோதனையில் இந்தக் கழித்தலுக்கு உதவுவதுதான் பிளாசிபோ எனப்படும் வெற்று மருந்து.

நம் ஊர்ப்பக்கம் மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லிதான். அரைத்து மோரில் கலந்து குடித்தவர் சில வாரங்களில் தேறிவிடுகிறார். ஆனால் ஏ வகை வைரசால் வரும் காமாலை பெரும்பாலும் மருந்தின்றியே அதே காலத்தில் தணிந்துவிடும். மருந்து உண்டோம் என்ற நம்பிக்கையிலேயே பசி எடுப்பதாகவும் சோர்வு குறைந்ததாகவும் தோன்றுவதுண்டு. இவ்விரண்டையும் கழிக்காமல் இலைக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

1988-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வு இக்கழித்தலைச் செய்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவினரோடு, 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அதில் பங்குகொண்டார். பி வகை வைரசை நெடுநாள் சுமப்போருக்கு 30 நாள் கீழாநெல்லி தரப்பட்டது. 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் வைரசின் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 59 விழுக்காட்டில் 4 போக மீதி 55!

பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் இப்பலன் கிட்டவில்லை. உடனே, "எல்லாம் பிளாசிபோவின் வேலை" என்பார் சிலர். இது தவறான தீர்ப்பு என்பேன். அந்தப் பங்குதான் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டதே! மேலும், இரத்தத்திலுள்ள ஆன்டிஜென் பசியைப் போல நம்பிக்கைக்கு எளிதில் இணங்குவதன்று. குறையை வேறிடத்தில் தேட வேண்டும். குழுக்கள் சிறியவை, 37, 23 என அளவிலும் சமமில்லை. ஒரு பக்கம் மிகுதியானோர் கணக்கிலிருந்து விலகினால் தராசு சாயும். மருந்தை நிறுத்திய 15-20 நாளில் பார்த்ததே முக்கிய அளவு. 9 மாதம் வரை கவனிக்கப்பட்டவர் சிலரே. ஆய்வாளர்களே இதை முதற்கட்ட ஆய்வு என்றுதான் குறித்தனர். அச்சொல்லை வசதியாக மறந்தவர்கள் நாம்தான்.

ஏ வகைக் காமாலை தணிந்தவரைப் பார்த்துவிட்டு, பி வகை வைரசைச் சுமப்பவரும் அதே இலையை நம்பிச் சோதனையை நிறுத்திவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. அவருக்குக் கண்ணில் மஞ்சள் இல்லாமலே ஈரல் ஆண்டுக்கணக்கில் கெடக்கூடும்; இரத்தச் சோதனை அதைக் காட்டக்கூடும்.