பகுதி வகையிடல்: விடை கிடைத்தது, விளக்கம் எங்கே?

உயர்கணிதத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற வினா பழையது. அதற்குரிய விடையும் பழையதே. யாழ்ப்பாணத்துக் கறல் விசுவநாதபிள்ளை 1855ஆம் ஆண்டிலேயே 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் தந்தார். 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கமே கண்டனர். இன்று தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலின் இரண்டாம் தொகுதியில் 'வகையீடுகள் மற்றும் பகுதி வகைக்கெழுக்கள்' என ஓர் இயல் முழுவதும் இடம்பெற்றிருக்கிறது. ஆதலின் முடியுமா என்ற ஆராய்ச்சிக்கு இனி இடமில்லை. சொல்லப்பட்டது விளங்குகிறதா என்பதே இன்று ஆராயத்தக்கது.

இந்த வினா பினாங்குத் தமிழாசிரியர்க்கும் உரியது. இங்குத் தமிழ்ப்பள்ளி மாணவன் ஆறாண்டுகள் தமிழில் எண்ணும் எழுத்தும் கற்கிறான். பின்னர் இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழியில் கணிதம் படிக்கிறான். நடுவே 2003இல் தொடங்கிப் பின்னர் கைவிடப்பட்ட, கணிதத்தை ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கையும் ஒரு தலைமுறையைத் தொட்டுச் சென்றது. பகுதி வகையிடல் என்னும் பொருளை அவன் எதிர்கொள்வது பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் வாயிலில்தான். 1969இல் இத்தீவில் தோன்றிய அறிவியல் பல்கலைக்கழகத்திலோ வேறிடத்திலோ முதலாண்டில் அமரும் அம்மாணவனுக்கு மூன்று மொழிகளில் மூன்று பெயர்கள் கிடைக்கின்றன. பொருள் ஒன்றேனும் கிடைத்ததா? விடுமுறையில் வீடு திரும்பும் மாணவன் தன் பழைய ஆசிரியரிடம் இதைக் கேட்டால், அவர் தமிழில் சொல்லத்தக்க விளக்கம் கைவசம் இருக்கிறதா?

பெயரும் பொருளும்

முதலில் பெயரை நோக்குவோம். வகையிடல் என்பது ஒரு பொருள் சிறிதளவு மாறும்போது அதனைச் சார்ந்த மற்றொன்று எந்த வீதத்தில் மாறுகிறது என்று காண்பது. தமிழ்நாட்டார் அவ்வீதத்தை வகைக்கெழு என்பர். இலங்கைத் தமிழ் நூல்கள் பெறுதி என்ற சொல்லையும் ஆளும். மலாய்மொழியில் அது தெர்பித்தான். அதன் முன்னோ பின்னோ பகுதி என்னும் அடை சேர்ந்தால் பகுதி வகைக்கெழு, தெர்பித்தான் செபாரா.

இந்தப் 'பகுதி' என்னும் அடைதான் மாணவனைத் தடுமாறச் செய்கிறது. ஒரு முழு வகைக்கெழுவை வெட்டி எடுத்த துண்டு இது என்று அவன் எண்ணுகிறான். உண்மை அதுவன்று. ஓர் அளவு பல மாறிகளைச் சார்ந்திருக்கும்போது, ஒரு மாறியை மட்டும் அசைத்து ஏனையவற்றை அசையாமல் நிறுத்திவைத்துக் காணும் வீதமே இது. பெயரில் இருக்க வேண்டியது 'ஏனையவை நிற்க' என்னும் கருத்து. வழங்கிவரும் சொல்லை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சொல் மறைத்ததை விளக்கம் வெளிக்கொணர வேண்டும்.

தமிழாசிரியர்க்கு இக்கருத்து புதியதன்று. நடந்தான், நடந்தாள், நடந்தார் என்று கரும்பலகையில் எழுதும் ஆசிரியர் பகுதியையும் காலத்தையும் நிறுத்தி விகுதியை மட்டும் மாற்றுகிறார். பால் மாறுவதும் எண் மாறுவதும் விகுதியால் என்பது அப்போது புலப்படுகிறது. நடந்தான், நடக்கின்றான், நடப்பான் என்று எழுதும்போது விகுதியை நிறுத்திக் காலத்தை மாற்றுகிறார். இரண்டையும் ஒருசேர மாற்றினால் எது எதனால் வந்தது என்று மாணவனுக்குத் தெரியாது. ஒன்றை அசைத்து மற்றவற்றை நிறுத்தும் அறிவு இலக்கண வகுப்பில் நாள்தோறும் புழங்குவது. கணிதம் அதனை அளவுக்குக் கொண்டுவருகிறது.

புக்கிட் பெண்டேராவின் சரிவையும் சான்றாகக் காட்டலாம். 1923 முதல் ஆயர் ஈத்தாமிலிருந்து இரயில் ஏறிவரும் மலை அது. அதன் சரிவில் ஓரிடத்தில் ஒருவர் நிற்கிறார். மேற்கே 10 மீட்டர் நடந்தால் 3 மீட்டரும், வடக்கே 10 மீட்டர் நடந்தால் 1 மீட்டரும் உயர்கிறார் என்று எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். மேற்குநோக்கிய பகுதி வகைக்கெழு 0.3, வடக்குநோக்கியது 0.1. சரிவு ஒழுங்காக இருப்பின், மேற்கே பத்தும் வடக்கே பத்தும் நடந்தவர் ஏறத்தாழ 4 மீட்டர் உயர்ந்திருப்பார். மலைப்பாதை மேற்காகவோ வடக்காகவோ செல்ல வேண்டும் என்பதில்லை. இரண்டு எண்கள் கையில் இருந்தால் எத்திசையில் எவ்வளவு ஏற்றம் என்று கணக்கிட்டுவிடலாம். பகுதி வகையிடலின் பயன் இதுவே.

கணக்கு முடிகிறது, காரணம் முடியவில்லை

இனிப் பாடநூல்களின் கணக்குகளைக் காண்போம். தமிழ்நாட்டின் முந்திய மேல்நிலை இரண்டாமாண்டு நூலில் ஒரு கணக்கு செய்துகாட்டப்பட்டிருக்கிறது. க, ச, த என்பன மூன்று மாறிகள் எனக் கொள்க. (க − ச), (ச − த), (த − க) என்னும் மூன்று வேறுபாடுகளின் பெருக்கற்பலன் தரப்பட்டுள்ளது. அதனை மூன்று மாறிகளாலும் தனித்தனியே பகுதி வகையிட்டுக் கூட்டினால் சுழி வரும் என நிறுவ வேண்டும். நூல் முறைப்படி வகையிடுகிறது, உறுப்புகள் ஒன்றையொன்று நீக்குகின்றன, சுழி வருகிறது, கணக்கு முடிகிறது.

ஏன் சுழி வந்தது? அவ்வினா எழுப்பப்படவில்லை. மூன்று மாறிகளையும் ஒரே அளவு உயர்த்திப் பார்க்கட்டும். 1, 2, 4 என்னும் எண்களுக்குப் பெருக்கற்பலன் 6. பத்துப் பத்தாகக் கூட்டி 11, 12, 14 என்றாலும் 6 தான். வேறுபாடுகள் மாறாதபோது பெருக்கற்பலன் எப்படி மாறும்? மூன்று மாறிகளும் ஒரே வேகத்தில் ஏறும்போது ஏற்படும் மாற்றவீதமே மூன்று பகுதி வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகை. மாற்றமே இல்லாத இடத்தில் அது சுழியன்றி வேறாக இருக்க இயலாது. ஒரு வரியில் விளங்கும் உண்மை, ஒரு பக்கக் குறியீடுகளுக்குள் புதைந்துவிட்டது.

அதே நூலின் மற்றொரு கணக்கு இன்னும் சுவையானது. மூன்று கோணங்களின் டேன் மதிப்புகளைக் கூட்டி, அக்கூட்டுத்தொகையின் இயல்மடக்கையை எடுக்க வேண்டும். ஒவ்வொரு கோணத்தாலும் பகுதி வகையிட்டு, அக்கோணத்தின் இருமடங்குக்குரிய சைனால் பெருக்கிக் கூட்டினால் 2 வரும் என்று நிறுவ வேண்டும். மாணவன் வாய்பாடுகளை நினைவுகூர்ந்து நிறுவிவிடுகிறான். ஆனால் இருமடங்குக் கோணத்தின் சைன் எங்கிருந்து வந்தது? விடை ஏன் 2? மூன்றோ ஒன்றோ ஏன் வரவில்லை?

காரணம் இது. ஒரு கோணத்தை அதன் இருமடங்குக்குரிய சைனுக்கு ஏற்றவாறு மிகச் சிறிதளவு உயர்த்தினால், அதன் டேன் மதிப்பு தன் அளவுக்கு ஏற்றவாறே உயரும். கோணம் எதுவாயினும் உயர்வு விகிதம் ஒன்றே. மூன்று டேன்களும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால் அவற்றின் கூட்டுத்தொகையும் அதே விகிதத்தில் வளரும். விகித வளர்ச்சியைக் கூட்டல் வளர்ச்சியாக மாற்றிக் காட்டுவது மடக்கையின் இயல்பு. அவ்விகிதம் அடிப்படை உயர்வின் இருமடங்காக அமைவதால் விடை 2. கணக்கை இயற்றியவர் இக்காரணத்தை அறிந்தே இயற்றியிருக்க வேண்டும். படிக்கும் மாணவனுக்கு மட்டும் அது சொல்லப்படுவதில்லை.

ஆய்லர் தேற்றத்துக்கும் இதே நிலைதான். கூம்பின் கனஅளவு ஆரத்தின் வர்க்கத்தையும் உயரத்தையும் சார்ந்தது. ஆரம் 1 விழுக்காடு கூடினால் கனஅளவு ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும். உயரம் 1 விழுக்காடு கூடினால் 1 விழுக்காடு கூடும். இரண்டும் கூடினால் 3 விழுக்காடு. படி மூன்றுடைய சமபடித்தான சார்பு என்பதற்கு இதுவே பொருள். இவ்வளவைச் சொல்லிவிட்டால் தேற்றம் பாதி நிறுவப்பட்டதற்கு ஒப்பாகும். சொல்லாமல் விட்டால் என்ன நேர்கிறது? நேர்மாறு சைனுக்குள் ஒரு பின்னத்தை வைத்து ஆய்லர் தேற்றத்தைக் கையாளச் சொல்லும் கணக்கு நூல்களில் வழிவழியாக வருகிறது. தேற்றத்தை மனப்பாடம் செய்த மாணவன் அதனை முழுச் சார்பின்மீது ஏற்றித் தவறுகிறான். சமபடித்தானது உள்ளிருக்கும் பின்னமே. வெளியிலிருக்கும் நேர்மாறு சைன் அன்று. முதலில் சைன் எடுத்துப் பின்னத்தை விடுவித்த பிறகே தேற்றத்துக்கு அங்கே வேலை.

எது நிற்கிறது?

'ஏனையவை நிற்க' என்பதை மறந்தால் வரும் பெரும்பிழையையும் குறிப்பிட வேண்டும். ஓரிடத்திலிருந்து 3 கிலோமீட்டர் கிழக்கும் 4 கிலோமீட்டர் வடக்குமாக ஒரு புள்ளி இருக்கிறது. நேர்த்தூரம் 5 கிலோமீட்டர். வடக்குத் தூரத்தை நிறுத்திக் கிழக்குத் தூரத்தை அசைத்தால், நேர்த்தூரம் மாறும் வீதம் ஐந்தில் மூன்று. இனித் திசைக்கோணத்தை நிறுத்தி நேர்த்தூரத்தை அசைத்தால், கிழக்குத் தூரம் மாறும் வீதமும் ஐந்தில் மூன்றே. ஒருமாறிக் கணிதத்தில் பழகிய மாணவன் ஒன்று மற்றொன்றின் தலைகீழாக, மூன்றில் ஐந்தாக, இருக்க வேண்டுமே என்று திகைக்கிறான். திகைப்புக்கு இடமில்லை. முதலாவதில் நின்றது வடக்குத் தூரம். இரண்டாவதில் நின்றது கோணம். இரண்டிலும் வடக்குத் தூரத்தையே நிறுத்தினால் மூன்றில் ஐந்து தவறாமல் வரும்.

இலெசாந்தர் 1786இல் கையாண்டு கைவிட்டதும், யாக்கோபி 1841இல் மீட்டு நிலைநிறுத்தியதுமான வளைந்த 'டி' குறி, எதை அசைக்கிறோம் என்பதைக் காட்டும். எவை நிற்கின்றன என்பதைக் காட்டாது. இக்குறையை உணர்ந்தே வெப்பவியலார் நிற்கும் மாறியை அடைப்புக்குறியின் அடியில் எழுதுகின்றனர். அவ்வழக்கத்தைக் கணித வகுப்பிலும் தொடக்கத்தில் மேற்கொண்டால் பிழைகள் பெரிதும் குறையும்.

பகுதி வகைக்கெழு எதைச் சொல்லாது என்பதையும் மாணவன் அறிய வேண்டும். க, ச இரண்டின் பெருக்கற்பலனை அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, தொடக்கப்புள்ளியில் மட்டும் மதிப்பு சுழி எனக் கொள்க. அப்புள்ளியிலிருந்து கிழக்கே நடந்தாலும் வடக்கே நடந்தாலும் தரை சமம். இரண்டு பகுதி வகைக்கெழுக்களும் சுழி. ஆனால் வடகிழக்கே ஓரடி வைத்ததும் மதிப்பு அரையாகிறது. இரு திசைகளை மட்டும் பார்த்தவன் எதிரே நிற்கும் சுவரைக் காணவில்லை. மலைச்சரிவில் 'ஒழுங்காக இருப்பின்' என்று மேலே சொன்னது இதனாலேதான். தமிழ்நாட்டின் புதிய நூல் இருமாறிச் சார்பின் எல்லையையும் தொடர்ச்சியையும் பகுதி வகைக்கெழுவுக்கு முன்னே வைத்திருப்பது பாராட்டுக்குரியது. ஒருமாறியின் நேரியல் தோராய மதிப்பில் தொடங்கிப் பன்மாறிக்குச் செல்லும் அதன் வரிசையும் பழைய நூலினும் செம்மையானது.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

முதலில் கணக்குப் போடப் பழகட்டும், விளக்கம் தானே பின்வரும் என்று அனுபவமுள்ள ஆசிரியர் சிலர் சொல்வர். ஒருமாறி வகையிடலில் அவ்வுரைக்கு வலுவுண்டு. அங்கு விதிகள் புதியவை, கை பழகவேண்டும். பகுதி வகையிடலில் நிலைமை வேறு. இங்கே வகையிடும் செயலில் புதிய விதி இல்லை. பெருக்கல் விதி, வகுத்தல் விதி யாவும் முன்பு கற்றவையே. புதிதாக வருவது ஒன்றேயொன்று: எது அசைகிறது, எது நிற்கிறது என்னும் தெளிவு. அதனையும் பின்னர் பார்க்கலாம் என்று ஒதுக்கினால், மாணவன் இவ்வியலில் கற்றதுதான் என்ன? பழைய பாடத்தைப் புதிய குறியில் திருப்பி எழுதினான் என்பதன்றி வேறில்லை.

பாடநூலுக்குப் பக்க அளவுண்டு, தேர்வுக்குக் காலவரையுண்டு. எல்லாக் குறைக்கும் நூலாசிரியரைப் பொறுப்பாக்குதல் முறையன்று. ஆயினும் ஒவ்வொரு நிறுவல் கணக்கின் இறுதியிலும் 'இவ்விடை ஏன் வந்தது?' என்று ஒரு வரி சேர்ப்பதற்கு இடம் இல்லாமற் போகாது. நூல் சேர்க்காவிடின் ஆசிரியர் சேர்க்கலாம். கலைச்சொல்லாக்கப் பணியில் தமிழ் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்து வென்றிருக்கிறது. சொற்கள் வந்துவிட்டன, அச்சொற்களைக் கொண்டு காரணம் சொல்லும் உரைநடைதான் இன்னும் போதிய அளவு வரவில்லை.

பினாங்குத் தமிழ்ப்பள்ளியில் இந்தப் பாடம் இல்லை. ஆயினும் இதற்குரிய வித்து அங்கேதான் விதைக்கப்படுகிறது. செவ்வகத்தின் நீளத்தை நிறுத்தி அகலத்தை மட்டும் ஓரலகு கூட்டினால் பரப்பு எவ்வளவு கூடும் என்று ஐந்தாம் ஆண்டு மாணவனைக் கேட்கலாம். நீளத்தின் அளவே கூடும் என்று அவன் கண்டுசொன்னால், அவன் அறிந்தோ அறியாமலோ ஒரு பகுதி வகைக்கெழுவைக் கண்டுவிட்டான். பின்னாளில் மலாய்மொழியிலோ ஆங்கிலத்திலோ அவன் அப்பெயரைக் கேட்கும்போது அது அந்நியமாகத் தோன்றாது. பெயர் எம்மொழியில் வந்தாலும், பொருள் அவனுக்கு முன்பே தமிழில் அறிமுகமாகியிருக்கும்.